பன்றிக்கறி, கொல்லிமலை மிளகு, சாமைச் சோறு: இந்த மாத அடுப்பங்கரைப் பாடம்



இந்த மாதப் பாடம் சமையல். குழுக் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் வலிப்பு நோயைப் பற்றி ஒரு பகுதி வரும். "நமக்கு வேண்டியது சமையல்தானே" என்று அந்த இடத்தில் எழுந்து போய்விடாதீர்கள். பன்றிக்கறியைத் தொடாத வீட்டுக்காரர்களும் அந்தப் பகுதியைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஏன் என்பது அங்கே வந்தால் புரியும்.

நம் மலையில் பன்றிக்கறி சாப்பிடுகிற வீடும் உண்டு, சாப்பிடாத வீடும் உண்டு. ஒரே குழுவில் இரண்டு பேரும் இருப்பார்கள். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். இதே பக்குவத்தை நாட்டுக்கோழியிலும் காளானிலும் செய்யலாம், ருசி மாறாது. கூட்டாகச் சமைக்கும் நாளில் சட்டியையும் கரண்டியையும் தனியாக வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது.

பன்றிக்கறி என்றாலே நமக்குத் தெரிந்தது காரக் குழம்பு. மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டு எண்ணெய் மிதக்க வைப்போம். அதுவும் நல்ல சாப்பாடுதான். ஆனால் சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் போன்ற கிழக்கு நாடுகளில் பன்றிக்கறிதான் அன்றாடக் கறி. அங்கே மிளகாயை விட பூண்டு, இஞ்சி, மிளகு, புளிப்பு, கொஞ்சம் இனிப்பு ஆகியவற்றை வைத்தே சமைப்பது அதிகம். கூடவே வெள்ளைச் சோறும், அரைவேக்காட்டில் பச்சை நிறம் மாறாமல் வதக்கிய காய்கறியும் இருக்கும். இந்த மாதிரிச் சாப்பாட்டுக்கு வேண்டிய சாமானில் பாதி நம்ம மலையிலேயே விளைகிறது. மிளகுக்கு நாம் வெளியே போக வேண்டாம். அன்னாசிக்கும் போக வேண்டாம். சோற்றுக்குச் சாமை இருக்கிறது. கடையில் வாங்க வேண்டியது சோயா சாஸும் வினிகரும்தான்.

நாம் எடுத்துக்கொள்ளும் சமையலுக்கு அடோபோ என்று பெயர். பிலிப்பைன்ஸ் நாட்டில் வீட்டுக்கு வீடு செய்வது. வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, இவ்வளவுதான் அதன் மசாலா. ஸ்பெயின்காரர்கள் அந்தத் தீவுகளைப் பிடித்து ஆண்டபோது, ஊர் மக்கள் கறியைப் புளிக்காடியில் வேகவைப்பதைப் பார்த்து, தங்கள் ஊர்ச் சமையலின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். 1613-ல் ஒரு பாதிரியார் அச்சிட்ட அந்நாட்டு மொழி அகராதியிலேயே இந்தச் சமையல் வருகிறது. பெயர் மட்டும்தான் வந்தது, பக்குவம் அவர்களுடையது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் வெப்ப நாட்டில் கறி சீக்கிரம் கெடாமல் இருக்கப் புளிப்பும் உப்பும் சேர்த்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே குடகு மலையில் பன்றிக்கறிக்கு மிளகும், கச்சம்புளி என்கிற கறுப்புப் புளிச்சாறும் சேர்க்கிறார்கள். கோவாவில் வினிகரும் பூண்டும். மிளகு விளைகிற மலைக்காரர்களுக்கு இந்த ருசி அந்நியமாக இருக்காது என்பது என் எண்ணம். அன்னாசி சேர்ப்பதும் நம் கண்டுபிடிப்பு இல்லை, அங்கேயும் அன்னாசி போட்டுப் பன்றிக்கறி சமைக்கிற வழக்கம் உண்டு.

கறி வாங்கும்போது

சமையல் கறிக்கடையிலேயே ஆரம்பிக்கிறது. நல்ல பன்றிக்கறி இளஞ்சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பும். கொழுப்பு வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். கறியின் மேல் வழுவழுப்போ, பச்சை ஓடிய நிறமோ, புளித்த வாடையோ இருந்தால் வாங்காதீர்கள். அடோபோவுக்குத் தோள்பட்டைக் கறியும், கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுக் கறியும் நல்லது. வெறும் சதையாக எடுத்தால் வேக வேக விறகுபோல ஆகிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஜவ்வரிசிக்கு இங்கே அறிமுகம் தேவையில்லை, நம் மரவள்ளிக்கிழங்கு கீழே ஆலைக்கு இறங்கி ஜவ்வரிசியாகத்தான் திரும்புகிறது. ஊறவைத்த ஜவ்வரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். பன்றியின் சதைக்குள் அந்த மாதிரி வெள்ளையாக, கண்ணாடி போல, பட்டாணி அளவில் நீர்க்கட்டிகள் தென்பட்டால் அந்தக் கறியைத் தொடவே தொடாதீர்கள். விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். அவை நாடாப்புழுவின் குஞ்சுகள். வாங்கும்போது ஒரு துண்டைக் குறுக்கே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பல நாடுகளில் வியாபாரிகள் உயிருள்ள பன்றியின் நாக்கைப் புரட்டி அடியில் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். கட்டிகள் நிறைய இருந்தால் அங்கே விரலில் தட்டும். கொஞ்சமாக இருந்தால் அந்தச் சோதனையிலும் தப்பிவிடும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றாலும் முழுதாக வேகவைத்தே தீர வேண்டும்.

காட்டுப்பன்றிக் கறி "சுத்தமானது, காட்டுல திரிஞ்சது" என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம், கறியை வைத்திருப்பதும் குற்றம். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தான் என்று ஆடி விழாவில் கேட்கிறோம். அது ஓரியின் காலம், நமக்கு வனத்துறை அபராதம் போடும்.

புழுவின் கதை

இது பாடத்தின் கடினமான பகுதி, மெதுவாகப் படியுங்கள்.

பன்றியின் நாடாப்புழு இரண்டு வீடு மாறி வாழ்கிறது. ஒரு வீடு மனிதனின் குடல். இன்னொரு வீடு பன்றியின் சதை. சரியாக வேகாத கறியில் இருக்கும் கட்டியை ஒருவர் சாப்பிட்டால், அது குடலில் ஒட்டிக்கொண்டு சுமார் இரண்டு மாதத்தில் நாடா போன்ற நீளப் புழுவாக வளர்கிறது. இரண்டு, மூன்று மீட்டர் நீளம் சாதாரணம், ஏழு மீட்டர் வரைகூடப் போகும். ஆனால் அந்த ஆளுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கொஞ்சம் வயிற்று வலி, பசி மாற்றம், மலத்தில் வெள்ளைத் துண்டு போவது, இவ்வளவுதான். அந்தத் துண்டு ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். அவர் வெட்டவெளியில் மலம் கழித்து, அவிழ்த்துவிட்ட பன்றி அதைத் தின்றால், முட்டை பன்றியின் உடம்பில் கட்டியாகிறது. வட்டம் முடிந்தது.

ஆபத்து எங்கே என்றால், அந்த முட்டை பன்றியின் வாய்க்குப் போவதற்குப் பதிலாக மனிதர் வாய்க்குப் போகும்போதுதான். புழு உள்ளவர் கழிப்பறை போய்விட்டுச் சோப்பு போடாமல் சோறு பிசைந்தாலோ, மலம் கலந்த தண்ணீர் பாய்ந்த கீரையைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்றாலோ முட்டை உள்ளே போகும். பன்றியின் சதையில் கட்டியானது போல நம் சதையில், கண்ணில், மூளையிலும் கட்டியாகும். மூளையில் கட்டி வந்தால் வலிப்பு வரும். சிலருக்கு மாதங்கள் கழித்தும், சிலருக்குப் பல வருடங்கள் கழித்தும் வரும். மனிதரும் அவிழ்த்துவிட்ட பன்றியும் ஒன்றாகப் புழங்கும் பல பகுதிகளில், வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 30 பேருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் மாநிலத்திலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, வலிப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது புரிகிறதா, சாப்பிடாதவர்களையும் ஏன் கேட்கச் சொன்னேன் என்று? கறி சாப்பிட்டவருக்கு வருவது குடல்புழு. அவருடைய கையிலிருந்து முட்டை போய்ச் சேருகிற யாருக்கும், சைவக்காரருக்கும் கைக்குழந்தைக்கும்கூட, மூளைக்கட்டி வரலாம். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், மதக் கட்டுப்பாட்டால் பன்றிக்கறியைத் தொடாத யூத சமூகத்தில் 4 பேருக்கு இந்த நோய் வந்தது. மருத்துவர்கள் குழம்பிப்போய்த் தேடினார்கள். அந்த வீடுகளில் வேலை செய்தவர்களைப் பரிசோதித்தபோது ஒருவர் குடலில் நாடாப்புழு இருந்தது. 1992-ல் இந்த ஆய்வு வெளியானது. அந்த வேலைக்காரம்மாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தனக்குப் புழு இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

அதனால் மலத்தில் வெள்ளைப் பட்டையாக ஏதாவது போனால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நாமே போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை இது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கானது. நாடாப்புழுவுக்கு மருந்தும் அளவும் வேறு. மூளையில் கட்டி இருப்பது தெரியாமல் மருந்து சாப்பிட்டால் வலிப்பு வந்துவிடவும் கூடும். மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

வலிப்பு வந்த பிள்ளையைக் கோடாங்கியிடம் கூட்டிப்போய், கையில் இரும்பைக் கொடுத்து, நாள்களைக் கடத்துகிற வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சாமிக்கு வேண்டுதல் வையுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள். வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் போடாதீர்கள். இரும்பு கொடுப்பதால் ஆகப்போவது எதுவும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108-க்குக் கூப்பிடுங்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு கட்டுப்படும். வலிப்பு இருக்கிற பெண் என்று கல்யாணம் பேசாமல் விடுவதும், மாத்திரையை மறைத்துக் கட்டிக்கொடுத்துப் பாதியில் நிறுத்த வைப்பதும், இரண்டுமே அந்தப் பெண்ணுக்குச் செய்கிற கொடுமை.

இதை ஒழிக்க முடியுமா என்றால் முடியும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் வடக்கே தும்பேஸ் பகுதியில் ஊர் ஊராக மக்களுக்கும் பன்றிகளுக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுத்தார்கள், பன்றிக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் 107 கிராமங்களில் 105-ல் நோய் பரவுவது நின்றுபோனது. 2016-ல் அந்த முடிவு வெளியானது. அந்தத் தடுப்பூசி இப்போது இந்தியாவிலேயே தயாராகிறது. கட்டியைக் கொல்ல ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற மருந்தை ஒரே வேளையாகப் பன்றிக்குக் கொடுக்கலாம். மருந்து கொடுத்த பிறகு சில வாரங்களுக்கு அந்தப் பன்றியை அறுக்கக் கூடாது, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார். பன்றி வளர்க்கும் உறுப்பினர்கள் கால்நடை மருந்தகத்திலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். இதெல்லாம் கிடைக்கும்வரை ஊரால் ஆகக்கூடியது இரண்டு. பன்றியை அடைத்து வளர்ப்பது, கழிப்பறை கட்டிய வீடு அதை விறகு அடுக்காமல் பயன்படுத்துவது. அடைத்து வளர்க்கும் பன்றிக்குச் சாப்பாட்டுக் கடைக் கழிவை அப்படியே ஊற்றாமல் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். 2020-ல் அசாம், அருணாச்சலப் பிரதேசத்தில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அப்படிப்பட்ட கழிவு வழியாகவும் பரவும். அது மனிதருக்கு வராது, ஆனால் பட்டியையே காலி செய்துவிடும்.

இனி அடுப்புக்கு வருவோம்

ஆறு பேர் சாப்பாட்டுக்குக் கறி 1 கிலோ. இஞ்சி இரண்டு விரல் நீளம். பூண்டு பெரிய முழுப்பூண்டாக 2, உரித்து லேசாக நசுக்கியது. மிளகு 2 தேக்கரண்டி, ஒன்றிரண்டாக இடித்தது. வினிகர் அரை டம்ளர், அதாவது 100 மில்லி. சோயா சாஸ் 5 மேசைக்கரண்டி. பிரிஞ்சி இலை 3. வெல்லம் ஒரு மேசைக்கரண்டி. நன்றாகப் பழுத்த அன்னாசி பாதி. உப்பு இப்போது எடுத்து வைக்காதீர்கள். சோயா சாஸே உப்புதான், ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய இரண்டு கிராம் உப்பு இருக்கும். இரத்தக் கொதிப்பு உள்ளவர் வீட்டில் சாஸை 3 கரண்டியாகக் குறைத்து, பூண்டையும் புளிப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கறியை ஒன்றரை அங்குலத் துண்டாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் நடுவில் வேகாது. கறி வெட்டிய பலகையும் அரிவாள்மனையும் சோப்புப் போட்டுக் கழுவின பிறகே காய்கறிக்கு வரவேண்டும். முடிந்தால் காய்கறியை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டுக் கறிக்குப் போங்கள், அதுதான் சுலபம்.

குக்கரில் கறி, தட்டிய இஞ்சி, மிளகில் பாதி, ஒன்றரை டம்ளர் தண்ணீர். ஐந்து விசில் விட்டு, பிறகு சிறு தீயில் பத்து நிமிடம். நம் மலை 1000 முதல் 1300 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 96 டிகிரி சுற்றளவில் கொதித்துவிடும். கொதித்தாலும் சூடு குறைவு. கீழே நாமக்கல்லில் வேகும் நேரத்தில் இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாததற்குக் காரணம் இதுதான். குக்கர் மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் அந்தக் குறை தீர்ந்துவிடும். குக்கர் இல்லையென்றால் மூடிபோட்ட பாத்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், இடையில் வெந்நீர் சேர்க்க வேண்டும்.

வெந்ததா என்று பார்க்க, இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து நடுவில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவப்போ, இரத்தம் கலந்த நீரோ இருக்கக் கூடாது. கரண்டிக் காம்பு தடையில்லாமல் இறங்க வேண்டும். துண்டின் நடுப்பகுதியில் 71 டிகிரி சூடு ஏறினால் புழுக்கட்டியும் சாகும், மற்ற கிருமிகளும் சாகும். நீங்கள் இவ்வளவு நேரம் வேகவைத்தால் அதைத் தாண்டியே போயிருக்கும். "மிளகு போட்டா புழு செத்துடும்ல அக்கா? வினிகர்ல ஊறப்போட்டா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மிளகு, வினிகர், மஞ்சள், சாராயம் எதுவும் கறிக்குள் போய்ப் புழுக்கட்டியைக் கொல்லாது. நெருப்பில் சுட்டுத் தின்பதில்தான் பெரிய ஏமாற்று, வெளியே கருகியிருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும்.

இப்போது மண்சட்டிக்கு மாறுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் வினிகர் ஊற்றிக் கொதிக்க விடக் கூடாது, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ நல்லது. வெந்த கறியின் மேல் மிதக்கும் கொழுப்பில் இரண்டு கரண்டி வழித்துச் சட்டியில் விட்டு, பூண்டைப் பொன்னிறமாக வதக்குங்கள். வேறு எண்ணெய் வேண்டாம். கறித்துண்டை மட்டும் போட்டு நான்கு பக்கமும் லேசாகச் சிவக்க விடுங்கள். பிறகு வெந்த தண்ணீர், பிரிஞ்சி இலை, சோயா சாஸ், கடைசியாக வினிகர். வினிகர் ஊற்றினதும் கிளறாமல் திறந்தே ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். அந்தக் காட்டமான வாடை ஆவியோடு போய்விடும், புளிப்பு மட்டும் தங்கும். பிலிப்பைன்ஸ் பெண்கள் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். வினிகர் கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து ஊற்றலாம். ருசி நம் ஊர்ப் பக்கம் சாயும், கெட்டுப்போகாது.

குழம்பு பாதியாகச் சுண்ட இருபது நிமிடம் ஆகும். அப்போது வெல்லமும் மீதி மிளகும் போட்டு, அன்னாசித் துண்டுகளைச் சேர்த்து இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். அன்னாசியை முதலிலேயே பச்சைக் கறியோடு ஊறவைக்காதீர்கள். பச்சை அன்னாசிச் சாற்றில் சதையைக் கரைக்கும் சத்து ஒன்று இருக்கிறது. அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு எரிவதும் அதனால்தான். ஒரு மணி நேரம் ஊறினால் கறி கஞ்சி போல ஆகிவிடும். கொதி வந்துவிட்டால் அந்தச் சத்து அடங்கிவிடும். சாறு கறியில் ஒட்டிப் பளபளவென்று வந்ததும் இறக்குங்கள். ருசி பார்த்து, தேவையானால் மட்டும் உப்பு.

ஒரு கிலோ பச்சைக் கறி வெந்த பிறகு எழுநூறு கிராம் அளவுக்குத்தான் நிற்கும். விழாக் காலத்தில் குழுவாகச் சாப்பாட்டுக் கடை போட நினைப்பவர்கள் இதை மறந்து தட்டுக் கணக்குப் போட்டால் நட்டம் வரும். கடை போடும் முன் உணவு பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

காயும் சோறும்

இந்தச் சாப்பாட்டில் காய்கறி தொட்டுக்கொள்ளும் அளவு இல்லை, தட்டில் கால்பங்கு. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், சௌசௌ எது கிடைத்தாலும் சரி. வேலியில் படர்ந்த அவரைப் பிஞ்சும், பரங்கிக் கொடியின் இளந்தளிரும் இருந்தால் காசே இல்லை. எல்லாவற்றையும் ஓடும் தண்ணீரில், இல்லையென்றால் தண்ணீரை மாற்றி மூன்று தடவை, தேய்த்துக் கழுவுங்கள். முன்னால் சொன்ன முட்டை கண்ணுக்குத் தெரியாது, உப்புத் தண்ணீரிலும் மஞ்சள் தண்ணீரிலும் சாகாது. கழுவினால் போகும், சூட்டில் சாகும். பச்சையாகத் தின்கிற கேரட், வெள்ளரி, கொத்தமல்லிக்கு இரட்டைக் கவனம் வேண்டும்.

காயை நீளவாக்கில் மெல்லியதாக ஒரே அளவில் நறுக்குங்கள். இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு கரண்டி எண்ணெய், நசுக்கிய பூண்டு, உடனே கேரட்டும் பீன்ஸும். பெருந்தீயில் இரண்டு நிமிடம் புரட்டி, கைத்தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் மூடி, பிறகு கோஸும் தளிரும். மொத்தம் ஆறேழு நிமிடம். உப்பு கடைசியில் போட்டால்தான் காய் தண்ணீர் விடாது. ஒரே தடவையில் வாணலி நிறையப் போட்டால் வதங்காது, அவிந்துவிடும். ஆறு பேருக்கு இரண்டு ஈடாகச் செய்யுங்கள்.

அரிசிச் சோறு எல்லோருக்கும் தெரியும். நான் சாமையைத்தான் சொல்லுவேன். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று பெயர் பெயராக நம் மலையில் சாமை இருந்தது. மரவள்ளி பணப்பயிராக வந்ததும் சாமைக் காடு சுருங்கியதற்குக் காரணம் ருசி இல்லை. உரலில் குத்தி உமி நீக்கும் பாடு பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பாடு குறைந்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கீழே பட்டணத்தில் சாமை விலை பேசினார்கள். நாம் மட்டும் விற்றுவிட்டு வாங்கிய அரிசியையே தின்ன வேண்டுமா?

சாமை ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டரைப் பங்கு. கல் அரித்து, அரை மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடியே வைத்தால் உதிரியாக வரும். அடிக்கடி கிளறினால் குழைந்துவிடும். அடோபோவின் புளிப்பும் இனிப்பும் கலந்த சாறு சாமைக்குள் இறங்குவது போல அரிசிக்குள் இறங்காது. ஒரு தடவை செய்து பார்த்தால் தெரியும்.

பரிமாறும்போது வழக்கமாக ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போக மீந்த எலும்பும் சாறும்தான் சமைத்தவளுக்கு வரும். கொழுப்பு நீக்கிய பன்றிக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. இரும்புச்சத்தும், தயமின் என்கிற வைட்டமினும் உண்டு. இரத்தசோகை அதிகம் இருப்பது நம்மிடம்தான். ஆறு பேருக்கு என்றால் ஆறு பங்கு, உங்கள் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.

மீந்த கறியை இரவு முழுதும் அடுப்பு மேலேயே வைக்காமல், ஒரு கொதி விட்டு மூடி, ஆறின பிறகு குளிர்ந்த இடத்தில் வையுங்கள். காலையில் கொப்பளிக்கக் கொதிக்க வைத்த பிறகே எடுக்க வேண்டும். மூன்றாம் நாளுக்கு வைக்காதீர்கள். மறுநாள் அடோபோ முதல் நாளை விட ருசியாக இருக்கும். மேலே உறைந்த கொழுப்பை வழித்துத் தனியாகக் கிண்ணத்தில் எடுத்து வைத்தால், அடுத்த நாள் முட்டைக்கோஸ் வதக்க வேறு எண்ணெய் தேவைப்படாது.